நட்சத்திரத்தில் ஒட்டிய அதிரச மாவு

சேசு மரி சூசை காவல்

செஞ்சி,
28-12-1966

கோலார் தங்கவயலில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி காஸ்பருக்கு, அக்காள் ஆரோக்கியம் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் மகன் செபாஸ்தியானும் மருமகள் மதலேனும் என் முழங்கால் வலியும் ஆண்டவர் கிருபையால் ஒரே வீட்டில் இருக்கிறோம். அங்கே நீயும் உன் பெண்சாதி பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சுகமில்லை என்றால் மட்டும்தானே நீ கடுதாசி போடுகிற வழக்கம்.

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் "நான் அங்க இல்லவே இல்ல" என்று கையைக் கழுவக் கூடாது. அன்றைக்கு என்றால் திருநாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. நான் இருந்தேன். செபாஸ்தியான் இருந்தான், அதாவது கடைத்தெருவில் தையல் மிஷின் முன்னால் இருந்தான், சோற்றுக்கு மட்டும் வந்தான். மதலேன் கதவுக்குப் பின்னால் இருந்தாள். பேத்தி அமலோற்பவம், நம் அமலி, இருந்தாள், ஆவணியில் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தோமே, அவள்தான். நீ அந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை, அது இப்போது பேச்சு இல்லை. அவள் புருஷன் தோமினிக், புது மாப்பிள்ளை, தலைக் கிறிஸ்மஸ் கொண்டாட வந்தவர், இருந்தார். எதிர்வீட்டுக் கன்னியப்பன் பாதி நேரம் இருந்தான். அவன் ஆடு முழு நேரமும் இருந்தது. என் வீட்டுக்காரர் தங்கை, என் நாத்தனார் சவரியம்மாள் இருந்தாள், பின்தெருவில் அவள் வீட்டில். நீ இல்லை. ஆனால் நீ ஆள் மூலமாக அனுப்பின கலர் கண்ணாடித்தாள் இருந்தது. அந்தத் தாள் வராமல் இருந்தால் நட்சத்திரம் இல்லை, நட்சத்திரம் இல்லாமல் இருந்தால் இந்தக் கடுதாசியே இல்லை. ஆகையால் நீயும் இருந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

செபாஸ்தியானைக் கூப்பிட்டு எழுதச் சொல்லலாம்தான். நான் சொல்வதில் பாதியை "இத எதுக்கும்மா" என்று விட்டுவிடுகிறான். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த கை இது, மெதுவாக எழுதும், ஆனால் ஒன்றையும் விடாது.

இந்த வருஷம் பச்சரிசி கிடைத்த பாடு உனக்குத் தெரியாது. ரேஷனில் கோதுமையை அளந்து கொட்டுகிறான், அதை வைத்துக்கொண்டு அதிரசமா சுட முடியும். மேல்சித்தாமூர் நயினார் வீட்டில் செபாஸ்தியானிடம்தான் துணி தைக்கக் கொடுப்பார்கள். அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு ஒரு சின்னப் பை வாங்கி வந்தான். அதை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்து, சலித்து, நானே அடுப்பு முன்னால் நின்று வெல்லப்பாகு பதம் பார்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டுக் கிளறி, சாடியில் வைத்து, வாயில் வெள்ளைத்துணி கட்டி, அடுப்பங்கரைப் பலகையில் ஏற்றினேன். அந்த மாவு சில நாள் சாடிக்குள் சும்மா இருக்க வேண்டும். அப்போதுதான் அதிரசம் வாயில் போட்டதும் கரையும். அவசரப்பட்டுச் சுட்டால் எண்ணெய்க்குள் உடைந்து கூழாகப் போய்விடும். இதை நீ மனதில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த அதிரசம் நாங்கள் தின்ன இல்லை. தலைக் கிறிஸ்மஸ் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பும்போது சம்பந்தி வீட்டுக்குத் தட்டு போக வேண்டும், தட்டுக்கு நடுவில் அதிரசம் இருக்க வேண்டும். நிச்சயத்தின்போதே சம்பந்தியம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணு எஸ்எஸ்எல்சி படிச்சிருக்கறது இருக்கட்டும். தலைக் கிறிஸ்மஸ் அதிரசத்த ஒடச்சிப் பாத்தா வூடு இன்னான்னு தெரிஞ்சிடும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்வதுதான் எனக்குப் பயம். அந்தத் தட்டில் குறை வந்தால் அமலி அந்த வீட்டில் கிழவியாகும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டே சோறு வடிக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க மாட்டாய். நீ பக்கத்தில் இருந்தாய்.

என் தலைக் கிறிஸ்மஸுக்கு நம் நைனா தூக்குப்போசியில் அதிரசம் வைத்துத் தலையில் சுமந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நடந்தே இந்த வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல், பாகு கொஞ்சம் முற்றிப்போய்விட்டது. என் மாமியார் ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தாள், உடையவில்லை. அப்போது பாவாடை கட்டின சிறுக்கி இந்தச் சவரியம்மாள், வாசலில் தெருவே நிற்கும்போது சத்தமாகச் சொன்னாள்: "ராஜகிரிக் கோட்டையில ஒரு கல்லு பேந்துபோச்சாமே, இத்த வச்சி அடச்சிடலாம்." தெரு சிரித்தது. மாமியார் சிரித்தாள். என் வீட்டுக்காரர், புண்ணியவான், அவரும் மீசைக்குள் சிரித்தார். நீயும் சிரித்தாய். உனக்கு அப்போது ஐந்து வயது, அதனால் மன்னித்துவிட்டேன். நைனா மட்டும் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். சாகும் வரைக்கும் இந்த வீட்டில் அவர் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து சவரியம்மாளும் நானும் சாவுக்கும் வாழ்வுக்கும் தேவையான பேச்சுக்கு மேல் பேசியது கிடையாது. வருஷா வருஷம் திருநாளுக்கு நான் பூப்போல அதிரசம் சுட்டுப் பிள்ளைகளிடம் அவளுக்குக் கொடுத்தனுப்புவேன். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். தட்டைக் கழுவி அனுப்புவாள்.

ஏதோ தீய்கிற வாசனை வருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஒன்றும் இல்லை. நாலு நாளாக இப்படித்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். நல்ல பிள்ளைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வாத்தியார், சும்மா உட்கார்ந்தால் கை அரிக்கும். வந்த அன்றைக்கே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குடில் கட்ட உட்கார்ந்தார். கோணிப்பையைக் கசக்கி, சேற்றுக் குழம்பில் நனைத்து, கரி பூசி மலையாக்கினார். நான் குடிலுக்கு என்று தட்டில் கேழ்வரகு தெளித்துத் தண்ணீர் காட்டிப் பச்சைப்பசேல் என்று முளைக்க வைத்திருந்தேன், அதைப் புல்வெளியாக முன்னால் வைத்தார். எல்லாம் சரி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மலை உச்சியில் அட்டையை வெட்டி மதில் வைக்கிறார், கொத்தளம் வைக்கிறார். நம் ராஜகிரி அப்படியே எழும்புகிறது.

"பெத்லகேம்ல ஏதுப்பா கோட்ட?" என்றேன்.

"ஏரோது ராசாவுக்குக் கோட்ட இருந்திருக்கும் இல்லியா ஆயா?" என்றார்.

கொல்லத் தேடுகிறவனைக் கொண்டுவந்து பிள்ளை படுத்திருக்கிற இடத்துக்கு மேலேயே குடிவைத்திருக்கிறார். சொல்லலாமா. மாப்பிள்ளை. "நல்லாத்தான் இருக்குது" என்றேன். அது முதல் பொய். ஆனால் அது பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் சொன்னது, கணக்கில் சேராது.

சனிக்கிழமை காலையில் நான் கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசை நீளம். சாமியார் கடைசியில், "யார் மேலயாவது வருத்தம் வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். "ஒருத்தி மேல மட்டும் சாமி" என்றேன். "திருநாளுக்கு முன்னாடி சமாதானம் ஆயிடு" என்றார். "அவ வந்து கேட்டா ஆவறேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த நேரத்தில்தான் வீட்டில் அது நடந்திருக்கிறது.

மாப்பிள்ளை மூங்கிலைச் சீவி, ஓர் ஆள் உயரத்துக்கு நட்சத்திரம் கட்டி, நீ அனுப்பின தாளை வெட்டி வைத்துக்கொண்டு, பசை எங்கே என்று கேட்டிருக்கிறார். அமலி கிணற்றடியில். நம் பக்கத்தில் மாமியார் புது மருமகப்பிள்ளைக்கு நேரே நின்று பேசுவது வழக்கம் இல்லையே, மதலேன் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வளையல் போட்ட கையை மட்டும் வெளியே நீட்டிப் பலகையைக் காட்டியிருக்கிறாள். பலகையில் இரண்டு பாத்திரம். ஒன்று மைதா காய்ச்சி வைத்த பசைச்சட்டி. பக்கத்தில் என் சாடி. பசையைத்தான் காட்டினேன் என்று அவள் இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். கூடவே கண்ணும் இருந்தால்தானே கை எதைக் காட்டுகிறது என்று தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் வந்தது வெறும் கை. அவர் பெரிய பாத்திரமாகப் பார்த்துச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாவு மாநிறமாக இருந்ததே, வாத்தியாருக்குத் தெரியவில்லையா என்று கேட்பாய். வாத்தியாராக இருந்ததால்தான் தெரியவில்லை. புளியங்கொட்டைப் பசை என்று நினைத்திருப்பார். அது அந்த நிறம்தான், கைத்தொழில்காரர்கள் அதைத்தான் உசத்தி என்பார்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, நட்சத்திரத்துக்கு இரண்டு அடுக்கு ஒட்டி, மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று கோட்டை மதிலுக்கு ஒரு பூச்சுப் பூசி, அதற்கும் மிச்சம் இருந்ததை வைத்து வாசல் முழுக்கத் தாள் சங்கிலி ஒட்டிக் கட்டியிருக்கிறார். சிக்கனமான பிள்ளை.

நான் வந்து பார்த்தபோது நட்சத்திரம் வாசலில் ஏறித் தொங்குகிறது. அழகாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். உன் சிவப்புத் தாளும் மஞ்சள் தாளும் வெயில் பட்டு மின்னின. நான் நேரே அடுப்பங்கரைக்குப் போய் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, சாடியைத் தேடினால், சாடி கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அமலி கழுவியிருக்கிறாள், புருஷன் கொடுத்தாராம். பசைச்சட்டி பலகையில் தொடாமல் ஆடை கட்டி இருக்கிறது. மதலேன் சட்டியைப் பார்த்தாள், சாடியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துச் செபாஸ்தியான் கழுத்தில் இஞ்சு டேப்போடு சோறு தின்ன வந்தான்.

"மாவு எங்கடா?" என்றேன்.

"என்னக் கேட்டா? நானா தெச்சேன்?"

"உன் மருமவப்புள்ள நச்சத்திரத்துல தெச்சிட்டாருடா."

அவனுக்கு விளங்க வாயில் வைத்த கவளம் இறங்கும் நேரம் ஆனது. விளங்கினதும் குரலை இறக்கிவிட்டான். "ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. மாப்ள காதுல வுழுந்துச்சின்னா அவமானத்துல இன்னிக்கே பெட்டியத் தூக்கிடுவாரு. கல்யாணத்துல பந்தியில கூப்புடலன்னு அவங்க சித்தப்பா இன்னும் மொகம் குடுக்கல."

"தட்டுக்கு இன்னாடா வெக்கறது?"

"பஜார்ல லட்டு வாங்கியாரேன்."

"லட்டு வாங்கி வச்சா அதிரசம் சுடத் தெரியாத வூடுன்னு எழுதி ஒட்ன மாதிரிடா."

"பசைதான் மிச்சம் இருக்குதே, அத்தால ஒட்டு" என்றான். சொல்லிவிட்டு என் கையில் இருந்த ஜல்லிக்கரண்டியைப் பார்த்து, சாப்பாட்டை அப்படியே விட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

வீட்டில் பச்சரிசி ஒரு பிடி இல்லை. இருந்தாலும் ஊறி, உலர்ந்து, இடித்து, மாவு ஆறி இருக்க நேரம் இல்லை. இதற்குள் எறும்பு வந்துவிட்டது. எங்கிருந்துதான் சேதி போகுமோ, சுவர் ஓரமாக வரிசை கட்டி, தூண் வழியாக ஏறி, கயிறு பிடித்து இறங்கி நட்சத்திரத்துக்குள் போகின்றன. மதலேன் மஞ்சள்தூளைக் கொண்டுபோய் வாசலெல்லாம் கொட்டினாள்.

"எதுக்கு ஆயா வாசல்ல மஞ்சத் தூவறாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"தலைக் கிறிஸ்மஸுக்கு மஞ்ச போடறது எங்க வூட்டு வழக்கம்பா" என்றேன். பாவசங்கீர்த்தனம் செய்த வாய் இன்னும் ஈரம் காயவில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்தது ஆடு. கன்னியப்பன் ஆடு ஏற்கனவே நம் வீட்டை அதன் வீடாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. வந்ததும் தாள் சங்கிலியை ஒரு முனையில் பிடித்துச் சேமியா உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்ச ஆரம்பித்தது. விரட்டினால் உள்ளே ஓடி, குடிலுக்கு முன்னால் நின்று, பெத்லகேம் புல்வெளியை ஒரே மூச்சில் மேய்ந்துவிட்டு, ஏரோது ராசா கோட்டையை நக்குகிறது. நக்கினால் நக்கு என்று விடலாம், கொத்தளத்தைக் கடித்து எடுத்துவிட்டது. பின்னாலேயே கன்னியப்பன் வந்தான்.

"இன்னா ஆயா, ஒங்க வூட்டுக் கோட்ட வெல்லமா இனிக்குதா? கொம்பப் புடிச்சி இழுத்தாலும் வர மாட்டேங்குதே" என்றான். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார்.

"புது எடம், அதான் மோந்து பாக்குது. நீ இழுத்துக்கினு போ."

"மோந்து பாக்கலியே, முழுங்கிடுச்சே. அட, அதிரச வாசன அடிக்குதே ஆயா."

"அடுப்பங்கரையில சுடறாங்கப்பா" என்றேன். இது மூன்றாவது. அடுப்பில் வெறும் எண்ணெய்தான் காய்ந்துகொண்டிருந்தது. கன்னியப்பன் மூக்கை அடுப்பங்கரைப் பக்கம் திருப்பினான், பிறகு நட்சத்திரத்துப் பக்கம் திருப்பினான், என் முகத்தைப் பார்த்தான், ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. திருநாள் ஆயிற்றே என்று அவனையும் ஆட்டையும் மன்னித்தேன்.

பொழுது சாய்ந்தது. அமலி அடுப்பங்கரைக்குள் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "ஆயா, எங்க மாமியா அங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காங்க. ஒங்க ஆயா அதிரசம் வரட்டும், அக்கம்பக்கம் கூப்புட்டு ஒடைக்கலாம்னு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். எனக்கு நைனா மேல்துண்டை உதறினது கண் முன்னால் வந்தது. செஞ்சியில் அந்த நேரத்துக்குப் பதமாக ஆறின அதிரச மாவு இன்னும் ஒரே ஒரு சாடியில் இருந்தது. யார் வீட்டில் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புடவையை மாற்றவில்லை. அப்படியே பின்தெருவுக்கு நடந்தேன். முழங்கால் வலி தெரியவில்லை, மனசுக்குள் அவ்வளவு சண்டை. அவள் "இன்னா காத்து இந்தப் பக்கம்" என்றால் இன்ன பதில், "நீங்கதான் பெரிய கைகாரியாச்சே" என்றால் இன்ன பதில், கோட்டைக் கல்லைப் பற்றி எடுத்தால் அதற்கு நாற்பத்தாறு வருஷமாகத் தீட்டி வைத்த பதில், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். அவள் வாசலில் போய் நின்றேன். அடுப்பு எரிகிறது. வாழையிலைத் துண்டில் மாவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். முதல் அதிரசம் எண்ணெயில் இறங்கப் போகிறது. நிமிர்ந்து பார்த்தாள்.

"சவரி" என்றேன். அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்துவிட்டது. "மாவு வேணும். அமலி தட்டுக்கு" என்றேன்.

அவள் கையைத் துடைத்தாள். இலையில் தட்டினதைத் திரும்ப உருட்டிச் சாடிக்குள் போட்டாள். சாடி வாயைத் துணியால் கட்டினாள். எழுந்து வந்து என் இடுப்பில் வைத்தாள். உள்ளே திரும்பிப் போய் அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள். ஒரு வார்த்தை இல்லை, காஸ்பர். எதற்கு என்று கேட்கவில்லை. உன் மாவு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அவள் பெரிய மகன் பிள்ளைகுட்டியோடு மறுநாள் வரப்போகிறான், அவள் வீட்டில் அன்றைக்கு அதிரசமே இல்லை. நான் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் பார்த்தேன், இப்போதாவது ஏதாவது சொல்வாளோ என்று. கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தனை பதிலையும் நான் வீட்டுக்குத் திருப்பிச் சுமந்துகொண்டு வந்தேன்.

சுட்டேன். மதலேன் அழுத்தி எண்ணெய் வடித்தாள். பூப்போல வந்தது. ராத்திரிப் பூசைக்கு எல்லோரும் போனோம். உங்கள் ஊரில் எப்படியோ, இங்கே இப்போது சாமியார் நம்மைப் பார்த்து நின்றுகொண்டு தமிழிலேயே பூசை வைக்கிறார். முதுகைக் காட்டி லத்தீனில் சொன்ன காலத்தில் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. நன்மை அப்பம் வாங்கப் போகும்போது அந்தப் பொய்களெல்லாம் தொண்டையில் நிற்கின்றன, அவர் என்னையே பார்க்கிறார். மாப்பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய் ஆண்டவர் கணக்கில் வேறு பக்கத்தில்தான் இருக்கும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு வாங்கினேன். பாலசேசுவைக் குடிலில் வைக்கும்போது கோட்டையில் கொத்தளம் இல்லை, புல் இல்லை. ஏரோதுக்கு ஒளிய இடம் இல்லாமல் போனதும் நல்லதுக்குத்தான்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் தட்டை மூங்கில் கூடையில் வைத்துக் கட்டி ஏற்றினோம். மாப்பிள்ளை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஆயா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. ஒங்க வூட்ல பசையில வெல்லமும் ஏலக்காயும் போடறீங்களே, அது எதுக்கு?"

"ஒனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

"தாள் ஓரத்த ஒட்டும்போது வெரல நாக்குல தொட்டேன். தித்திச்சுது. எல்லாரும் பாத்துக்கினு சும்மா இருந்தாங்க, தலைக் கிறிஸ்மஸுக்குப் பசையில வெல்லம் போடறதும், வாசல்ல மஞ்ச போடறதும் இந்த வூட்டு வழக்கம்னு நெனச்சேன். மாமியா வூட்டு வழக்கத்தக் கொற சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க."

பஸ் கிளம்பிவிட்டது. அவர் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நட்சத்திரத்தின் முதல் மூலையோடு ஒட்டுவது நின்றிருக்கும். நாங்கள் வாயைத் திறந்திருந்தால் எறும்பு வந்திருக்காது. மரியாதையாலேயே ஒரு சாடி மாவு போயிற்று. அவரை மன்னிக்க வேண்டியதே இல்லை, அவர் நல்ல பிள்ளை.

நேற்று திண்டிவனம் பஸ் கண்டக்டர் இளையபெருமாள் கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார், உள்ளே வாழைப்பழச் சீப்பும் சர்க்கரையும். "ஒங்க பேத்தி சேதி சொல்லச் சொல்லிச்சி. அவங்க மாமியா அக்கம்பக்கத்துக்கு ஒடச்சிக் குடுத்துட்டு, மிச்சத்த உள்ள எடுத்து வச்சிக் கதவச் சாத்திக்கினாங்களாம். எனக்கு ஒண்ணு குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சி" என்றார். நான் கூடையை இறக்கி வைத்தேன். அப்புறம் மதலேனைக் கூப்பிட்டு, அவள் நீட்டின அந்தக் கையைக் குறித்து இனிமேல் குறை பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் தம்பி, இதை உனக்குச் சாட்சியாக எழுதுகிறேன். சவரியம்மாளை மன்னித்துவிட்டேன். நாற்பத்தாறு வருஷத்துக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாலு நாளாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன், அது வேறு. அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தாளே, அதற்கு மேல் நான் என்ன செய்ய. சாமியாரிடமும் சொல்லிவிடுவேன். நம் நைனாவும் மோட்சத்தில் மேல்துண்டை மடித்து வைத்துவிட்டு உட்காரட்டும்.

உன் பெண்சாதிக்கு என் அன்பு. பிள்ளைகள் தலையில் என் பெயரால் கை வை. சுரங்கத்துக்குள் இறங்கும்போது மாதாவை நினைத்துக்கொண்டு இறங்கு, ஏறும்போதும் நினைத்துக்கொள், நீ ஏறும்போது மறக்கிற ஆள். அடுத்த வருஷம் தாள் அனுப்பாதே. நீ வா.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஆரோக்கியம்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. (மைதாப் பசை, நானே பார்த்து எடுத்தேன்.) இப்போதுதான் சவரியம்மாள் சாடி வாங்கிப்போக வந்தாள். நானே எழுந்து போய், "வா சவரி, உக்காரு" என்றேன். பலகை போட்டேன். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசி அதிரசத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். நாலு நாள் ஆன அதிரசம், கொஞ்சம் விறைத்துத்தான் இருக்கும், யார் வீட்டில் விறைக்காது. அவள் ஒரு ஓரம் கடித்தாள். இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள், இருக்கிற பல்லுக்கெல்லாம் வேலை கொடுத்தாள். மதலேன் நிற்கிறாள், கன்னியப்பன் வாசலில் ஆட்டோடு நிற்கிறான், செபாஸ்தியானிடம் துணிக்கு அளவு கொடுக்க வீட்டுக்கே வந்த யாரோ ஒருவன் நிற்கிறான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"மாவு என்னுது அண்ணி, கொற சொல்ல முடியாது. சுட்ட கை ஒங்களுது. கோட்டையில கல்லு பேந்த எடம் இன்னும் அப்டியேதான் இருக்குது, தெரியுமா?"

நாற்பத்தாறு வருஷம் அவளும் அதை மறக்காமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கன்னியப்பன் சிரித்தான். மதலேன் கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள். நான் தீட்டி வைத்திருந்த பதிலை எடுத்துச் சொன்னேன், அவள் அதற்கு ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன், இரண்டு தடவை காப்பி போட்டாயிற்று, பொழுது போனது தெரியவில்லை. பாதியில் எழுந்து, மிச்சத்தை நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று சாடியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். முழு அதிரசத்தையும் தின்றுவிட்டுத்தான் போனாள்.

ஆகையால் மேலே மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருப்பதை நீ படிக்காததாக வைத்துக்கொள். காகிதம் விற்கிற விலையில் இன்னொரு தரம் எழுத முடியாது. சாமியாரிடமும் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. கன்னியப்பனை மன்னித்தாயிற்று, ஆட்டை மன்னித்தாயிற்று, மதலேனை மன்னித்தாயிற்று, கல்யாணத்துக்கு வராத உன்னையும் மன்னித்தாயிற்று. நாளைக்கு வரட்டும், பலகை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஆளை மட்டும் என் கட்டை மண்ணுக்குள் போகும் வரைக்கும் மன்னிக்க மாட்டேன். சவரியம்மாளை.